பழைய பிக்கப்பின் சேசிஸில் தோட்ட டிரெய்லர் செய்யலாமா?

8 ஜனவரி 2024, பினாங்கு மாநிலத்தின் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். எங்கள் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் மாமாவின் பழைய ஒரு டன் பிக்கப் பல ஆண்டுகளாக நிற்கிறது. எஞ்சின் போய்விட்டது. முன்பாதியை வெட்டி எடுத்துவிட்டுப் பின்பாதியில் ஒரு கொக்கியைப் பொருத்தினால் குலை ஏற்றும் டிரெய்லர் ஆகிவிடும் என்று நினைக்கிறேன். ஒரு வண்டியையே தாங்கிய சட்டம் 40 குலையைத் தாங்காதா? வார இறுதியில் முடிந்துவிடும் வேலை என்பது என் கணக்கு.

8 ஜனவரி, இரவு

தாங்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணி போல அமைந்த அந்தச் சேசிஸ், எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஆட்களையும் சரக்கையும் சேர்த்துச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. தோட்டத்து டிரெய்லருக்குத் தேவையானதைவிட அதன் வலு அதிகம், எடையும் அதிகம். பட்டறையில் இப்படிப்பட்ட வேலைகள் கைக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது சட்டத்தின் வலுவைப் பற்றி அல்ல. ஏற்றிய சரக்கின் எடை அச்சுக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா, எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதைத்தான் கேட்பேன். நான்கு சக்கர வண்டியில் சரக்கை எங்கே போட்டாலும் முன் அச்சும் பின் அச்சும் பங்கிட்டுக்கொள்ளும். ஒற்றை அச்சு டிரெய்லரில் அந்த மன்னிப்பு கிடையாது. மிச்ச எடை முழுவதும் கொக்கியில் இறங்கும், அல்லது கொக்கியைத் தூக்கும்.

வார இறுதிக் கணக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

9 ஜனவரி

நேற்று எழுதியதை எண்களோடு சொல்கிறேன். ஒரு குலை சராசரியாக 15 கிலோ என்று கொண்டால் 40 குலைகள் 600 கிலோ. வெற்று டிரெய்லர் 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 950 கிலோ. அச்சின் நடுவிலிருந்து கொக்கி வரை 3 மீட்டர். இந்த 950 கிலோவின் எடை மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், கொக்கியில் இறங்கும் சுமை 950 பெருக்கல் 0.30 வகுத்தல் 3, அதாவது 95 கிலோ. இது மொத்த எடையில் பத்து விழுக்காடு. பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை கொக்கியில் இறங்குவது நல்லது என்பது அமெரிக்காவில் புழங்கும் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்கிறார்கள். மேடுபள்ளமான தோட்டத்து வழியில் போகும் சின்ன டிரெய்லருக்குப் பத்து விழுக்காடு என்பதே என் விருப்பம்.

இதில் மனத்தில் வைத்துக்கொள்ள எளிதான ஒன்று உண்டு. பத்து விழுக்காடு வேண்டுமானால், அச்சுக்கும் கொக்கிக்கும் இடையிலுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னால் எடை மையம் இருக்க வேண்டும். 3 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர், இரண்டரை மீட்டருக்கு 25 சென்டிமீட்டர். சரக்கு எத்தனை கிலோவாக இருந்தாலும் இந்தத் தூரம் மாறாது.

எடை மையம் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டால் என்ன ஆகும்? அதே கணக்கின்படி கொக்கி ஏறத்தாழ 32 கிலோ விசையோடு மேல்நோக்கி இழுக்கும். இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் தரையில் பதியும் எடை குறைந்து பிடிப்பை இழக்கும். வேகம் கூடினால் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால் பிரேக்கை மிதித்து அதை அடக்க முடியாது.

11 ஜனவரி

சாலையில் ஓட்டலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பொதுச் சாலையில் இழுத்துச் செல்லும் டிரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்கும் பதிவு உண்டு. துறைமுகத்துக்குப் போகும் பெரிய டிரெய்லர்களின் எண் பலகை ‘டி’ எழுத்தோடு ஒரு சாய்கோட்டில் தொடங்குவதைப் பட்டர்வொர்த் பக்கம் எல்லோரும் பார்த்திருப்போம். பட்டறையில் ஒட்டிய டிரெய்லரைச் சாலைக்குக் கொண்டுபோக நினைப்பவர் இரும்பை வெட்டுவதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்துக்குப் போய், எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் இங்கே எழுதுவது சொந்த நிலத்துக்குள் மெதுவாக ஓடும் டிரெய்லரைப் பற்றி மட்டுமே.

வெட்டுவதற்கு முன் இன்னொன்றும் செய்ய வேண்டும். வண்டியின் பதிவு இன்னமும் மாமாவின் பெயரில் இருந்தால் முதலில் அதை முறைப்படி ரத்து செய்யுங்கள். பல பிக்கப்புகளில் சேசிஸ் எண் முன்சக்கரத்தின் அருகே அடிக்கப்பட்டிருக்கும், நீங்கள் வெட்டி எறியப்போகும் பாதியில்தான் அது இருக்கும். அந்த எண்ணைத் தேய்க்கவோ அழிக்கவோ கூடாது. அந்தத் துண்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

14 ஜனவரி

அடுத்தது துரு. பினாங்கில் மழையும் கடற்காற்றும் சேர்ந்து வெளியே தெரியாத இடத்தில்தான் அரிக்கின்றன. சட்டம் பெட்டி வடிவில் மூடியிருக்கும் பகுதிகளில் உள்ளே சேறு தங்கும், அந்தச் சேறு காயாமல் ஆண்டுக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே சாயம் நன்றாக இருப்பதை நம்ப வேண்டாம். சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடங்களில் திருப்புளி முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங்கின் முன் கால் சட்டத்தோடு சேரும் இடத்தையும், அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடத்தையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், டிரெய்லராக மாறிய பிறகும் இழுவிசையும் குலுக்கலும் அந்த இரண்டு இடங்களின் வழியாகத்தான் போகும். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்காதீர்கள், வேறு சேசிஸ் தேடுங்கள்.

16 ஜனவரி

வெட்டும் வேலை பற்றிச் சுருக்கமாக. பெட்ரோல் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, கழற்றித் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள். காலித் தொட்டியில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். எண்ணெய்க் குழாய்களையும் பிரேக் குழாய்களையும் அகற்றுங்கள். பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். குளோரின் கலந்த பிரேக் சுத்திகரிப்புத் திரவத்தால் கழுவிய இடத்தில் வெல்டிங் செய்யவே கூடாது. அந்தத் திரவத்தின் மிச்சம் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும், சிறிதளவே நுரையீரலைக் கெடுத்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்பானால், ஒட்டும் இடத்தில் பூச்சை முழுவதும் தேய்த்து எடுத்த பின்பே வெல்டிங் செய்யுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

20 ஜனவரி

கேள்வி கேட்டவர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அச்சும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றன. இனி டிஃப் பற்றி, அதாவது பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரப் பெட்டி பற்றி. எஞ்சின் பக்கத்திலிருந்து சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு டிஃப்பை அப்படியே விட்டுவிடலாம். சக்கரம் சுற்றும்போது உள்ளே கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரமும் பினியன் என்னும் சின்னப் பல்சக்கரமும் வீணாகச் சுற்றும், எண்ணெய் இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. எடை கொஞ்சம் கூடுதல், இழுவை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

21 ஜனவரி

நேற்றைய குறிப்பைப் படித்த கூலிம் நண்பர் ஒருவர், அச்சுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அதை வெறும் குழாயாக வைத்துக்கொண்டால் எடை குறையுமே என்கிறார். அது எந்த வகை அச்சு என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சக்கரம் கழன்று ஓடுவதற்கான வழி இங்கேதான் இருக்கிறது.

கனமான லோரிகளின் பின் அச்சில், சக்கரத்தின் எடையை அச்சுக் குழாயின் வெளிப்புறம் அமர்ந்த பேரிங்குகள் தாங்கும். உள்ளே போகும் ஷாஃப்ட் சுற்றும் விசையை மட்டும் கடத்தும். அந்த வகையில் ஷாஃப்டை வெளியே உருவிவிட்டு, சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தை ஒரு தட்டால் மூடி, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தால் போதும், சக்கரம் தன் இடத்தில் சுற்றும். பிக்கப்புகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. அங்கே சக்கரம் ஷாஃப்டின் முனையிலேயே போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். ஷாஃப்டை உருவினால் சக்கரமும் கூடவே வந்துவிடும். அதோடு அந்த ஷாஃப்டின் உள்முனை டிஃப்பின் நடுவிலுள்ள பல்சக்கரத்தில் நுழைந்து நிற்பதால்தான் அது ஆடாமல் நேராக இருக்கிறது. டிஃப்பை முழுவதும் பிடுங்கினால் அந்தத் தாங்கல் போய்விடும்.

ஆகவே கேள்வி கேட்டவரின் வண்டிக்கு நான் சொல்வது: ஷாஃப்டுகளையும் டிஃப்பின் நடுப்பகுதியையும் விட்டுவிடுங்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தால் பினியனை மட்டும் எடுத்துவிட்டு அந்த வாயைத் தட்டும் கேஸ்கெட்டும் வைத்து எண்ணெய் ஒழுகாமல் மூடலாம். டிஃப் எண்ணெய் எக்காரணத்தாலும் குறையக் கூடாது. மிச்சமாகும் எடை அந்த உழைப்புக்கு ஈடாகாது என்பதால் நானாக இருந்தால் அதையும் செய்ய மாட்டேன்.

29 ஜனவரி

பாலிக் புலாவிலிருந்து டுரியான் தோட்டக்காரர் ஒருவர் வேறு கேள்வி எழுப்பியிருக்கிறார். சமவெளிக்கு இந்தக் கணக்கு சரி, மலைச்சரிவில் எடை மையம் நகருமே என்கிறார். மிகச் சரியான கேள்வி.

சரக்கின் எடை மையம் கொக்கியின் மட்டத்திலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 10 பாகைச் சரிவில் ஏறும்போது அது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் பின்னால் இருப்பது போன்ற விளைவைத் தரும். 20 பாகைச் சரிவில் இது 18 சென்டிமீட்டர். சமவெளியில் 30 சென்டிமீட்டர் முன்னால் வைத்தது செங்குத்தான ஏற்றத்தில் 12 ஆகிவிடுகிறது. காவடி எடுப்பவர் படியேறும்போது பாரம் முதுகுப் பக்கம் சாய்வதை நாம் தண்ணீர்மலையில் பார்த்திருக்கிறோம், அதே இயல்புதான். உயரமாக அடுக்கினால் 50 என்பது 80 ஆகும், அப்போது 20 பாகையில் 29 சென்டிமீட்டர் நகரும், கொக்கியில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. எனவே மலைத்தோட்டத்தில் பக்கப்பலகையை உயர்த்தி அதிகம் ஏற்றுவதைவிடத் தாழ்வாக ஏற்றி இன்னொரு நடை போவதே மேல்.

இறக்கத்தில் பிரச்சினை வேறு. டிரெய்லர் வண்டியை முன்னால் தள்ளும். ஐரோப்பிய விதிகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடைக்கு டிரெய்லரில் பிரேக் கட்டாயம். நம் உதாரணத்தில் மொத்தம் 950 கிலோ. மலையில் ஓட்டுபவர் பிரேக் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. பழைய அச்சில் டிரம் பிரேக்குகள் இருக்கின்றன, அவற்றைச் சீராக்கி, டிரெய்லர் முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளலாலேயே பிரேக் பிடிக்கும் கொக்கி ஒன்றைப் பொருத்தலாம். கைப்பிரேக்கையாவது கழற்றாமல் வைத்திருங்கள், சரிவில் நிறுத்திக் குலை ஏற்றும்போது அது வேண்டும்.

17 பிப்ரவரி

சீனப் புத்தாண்டுக்கு இரும்புக் கடைகள் மூடியிருந்ததால் வேலை நின்றிருந்தது. இப்போது இழுவைத் தண்டும் (படுக்கையிலிருந்து கொக்கி வரை முன்னே நீளும் பகுதி) வெல்டிங்கும்.

நடுவில் ஒற்றைக் குழாயை நீட்டி முன் குறுக்குச் சட்டத்தில் ஒட்டிவிடுவதுதான் எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்தவற்றில் அந்த ஒட்டு விரிசல் விட்டு என் பட்டறைக்கு வந்தவை உண்டு. கொக்கியில் ஒரு முனை, அச்சில் ஒரு முனை, நடுவில் சுமை. இப்படி இருக்கும்போது சட்டத்தின் அடிப்பக்கம் இழுபடும். அடிப்பக்கத்தில் குறுக்காகப் போட்ட வெல்டிங் கோடு விரிசலுக்குத் தொடக்கப்புள்ளி ஆகிவிடும். அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் நிலைமை தலைகீழ், அங்கே மேல்பக்கம் இழுபடும்.

அதனால் இரண்டு கைகளை முக்கோணமாக வைத்து, அவற்றை நீளச் சட்டங்களுக்கு அடியில் பின்னோக்கி, ஸ்பிரிங்கின் முன் கால் வரை கொண்டுபோங்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைத் துளைக்காமல், நிமிர்ந்து நிற்கும் பக்கத் தகட்டில் துளையிட்டுத் தாங்கு தகடுகளைப் போல்ட்டால் பிணையுங்கள். விளிம்பைத் துளைக்க வேண்டாம் என்பது லோரி செய்பவர்களே தரும் அறிவுரை. சட்டத்தை நீட்டியோ குறைத்தோ ஒட்ட வேண்டியிருந்தால், வெட்டைச் சாய்வாக வைத்து, பக்கத்தில் வைரவடிவத் தகடு சேருங்கள். தகட்டின் ஓரம் செங்குத்துக் கோடாக முடியக் கூடாது.

கனரக லோரியின் சேசிஸ் கிடைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் சில சூட்டுப்பதம் செய்த உயர்வலு எஃகால் ஆனவை. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் ஒட்டைச் சுற்றிப் போய்விடும். அங்கே போல்ட் மட்டுமே.

18 பிப்ரவரி

எந்த வெல்டிங் குச்சி என்று கேட்கிறார்கள். 6013 குச்சி பிடிக்க எளிது, வேலி, கூரைச் சட்டம் போன்றவற்றுக்குப் போதும். இழுவைத் தண்டுக்கு 7018 என்பதுதான் பாடம், ஒட்டு வலுவாகவும் விரிசலைத் தாங்குவதாகவும் அமையும். ஆனால் அந்தப் பாடத்தை நம் ஊர் ஈரத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டும். 7018இன் சிறப்பே அதில் ஈரம் இல்லாமல் இருப்பது. பெட்டியைத் திறந்தபின் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் சூட்டு அடுப்பில் வைத்திருக்க வேண்டிய குச்சியை மழைக்காலத்தில் பட்டறை மேசையில் போட்டுவைத்தால், அது உறிஞ்சிய ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒட்டுக்குள் புகுந்து விரிசலுக்கு வழிவிடும். அடுப்பு இல்லாதவர் சின்னப் பெட்டி வாங்கி, திறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே வேலையை முடித்துவிட வேண்டும். அதுவும் முடியாது என்றால் இழுவைத் தண்டை மட்டுமாவது அடுப்பு வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். படுக்கையும் பக்கப்பலகையும் நீங்களே ஒட்டிக்கொள்ளலாம்.

3 மார்ச்

இதுவரை எழுதியவற்றை மீண்டும் படித்தபோது ஒரு விஷயத்தில் என் எண்ணம் மாறியிருக்கிறது. சேசிஸின் பின்பாதி முழுவதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்ற நோக்கிலேயே தொடங்கினேன். இப்போது தோன்றுவது, பழைய பிக்கப்பில் உண்மையாகவே விலைமதிப்புள்ளவை அச்சும், பட்டை ஸ்பிரிங்கும், அவற்றைப் பிடித்திருக்கும் கால்களும்தான். நீளச் சட்டத்தில் துரு கொஞ்சமாவது ஏறியிருந்தால், அவற்றைக் கழற்றி, புதிதாக வாங்கிய சி வடிவ இரும்பில் பொருத்துவது வேலையையும் குறைக்கும், அச்சை வேண்டிய இடத்தில் வைக்கும் உரிமையையும் தரும். பழைய சட்டத்தில் அச்சு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும், படுக்கையைத்தான் அதற்கேற்ப முன்னால் தள்ள வேண்டும். புதுச் சட்டத்தில் படுக்கையை முதலில் முடிவு செய்து, பத்தில் ஒரு பங்கு கணக்கின்படி அச்சை அதற்குக் கீழே கொண்டுவரலாம். சுங்கை பாக்காப் நண்பரின் சட்டம் சுத்தியல் சோதனையில் தேறிவிட்டதால் அவர் பழையதையே வைத்துக்கொள்ளலாம். வேறு யாரும் தொடங்கினால் இதை முதலில் யோசியுங்கள்.

ஸ்பிரிங் பற்றியும் ஒரு சொல். ஒரு டன்னுக்கான பட்டைகள் வெறும் டிரெய்லரைக் குதிக்க வைக்கும். இடைப் பட்டைகளில் ஒன்றிரண்டைக் குறைக்கலாம். கண்ணுள்ள தலைப்பட்டையைத் தொடக் கூடாது. அச்சை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றினால், அவற்றையே திரும்பப் போடாமல் புதியவற்றை வாங்குங்கள், அவை இறுக்கத்தில் நீண்டு போனவை. முதல் சில சுமைகளுக்குப் பிறகு மறுபடி இறுக்க வேண்டும்.

10 மார்ச்

கொக்கிச் சுமையை அளக்கக் குளியலறைத் தராசு போதுமா? நேராக வைத்தால் தாங்காது. ஒரு கனமான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மீதும் மறுமுனையைத் தராசு மீதும் வையுங்கள். செங்கல்லிலிருந்து 1 அடி, தராசிலிருந்து 2 அடி தள்ளிப் பலகையின் மேல் கொக்கியை இறக்குங்கள். பலகையின் எடையால் தராசு முன்பே காட்டிய அளவைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை மூன்றால் பெருக்குங்கள். டிரெய்லர் மட்டமாகவும் சுமையோடும் இருக்க வேண்டும்.

24 மார்ச்

சுங்கை பாக்காப் நண்பர் முதல் சுமையை ஏற்றி அளந்திருக்கிறார். தராசு காட்டியது 21, மூன்றால் பெருக்கினால் 63 கிலோ. அவருடைய மொத்த எடைக்கு இது குறைவு. அச்சை நகர்த்தத் தேவையில்லை. படுக்கையின் பின்முனையில் ஒரு தடுப்புப் பலகை வைத்து, குலைகள் அதற்குப் பின்னால் போகாதபடி செய்தால் எடை மையம் முன்னால் வந்துவிடும். வைத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன்.

25 மார்ச்

கொக்கி வாங்கும்போது 50 மில்லிமீட்டர் உருண்டையா, 2 அங்குல உருண்டையா என்று பாருங்கள். 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். டிரெய்லர் கொக்கியின் 2 அங்குலக் கிண்ணத்தில், இழுக்கும் வண்டியின் 50 மில்லிமீட்டர் உருண்டை தளர்வாக நிற்கும், மேட்டில் கழன்றுவிடக்கூடும். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கொக்கியின் இருபுறமும் காப்புச் சங்கிலிகளைத் தண்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போடுங்கள், கொக்கி கழன்றாலும் தண்டின் முனை மண்ணில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

விளக்கு பற்றிக் கேட்டவருக்கு: டிரெய்லரின் விளக்குகளை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் ஐரோப்பிய முறை ஏழு முள் செருகியில் மஞ்சள் கம்பி இடது சைகை விளக்கு, பச்சை வலது, சிவப்பு பிரேக், கறுப்பு இடது பின்விளக்கு, பழுப்பு வலது பின்விளக்கு, நீலம் பின்புற மூடுபனி விளக்கு, வெள்ளை எர்த். எர்த்தைக் கொக்கியின் வழியாகக் கிடைக்கும் என்று விட்டுவிடாமல் வெள்ளைக் கம்பியைத் தனியாகச் சட்டம் வரை இழுத்து, சாயத்தைச் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள்.

பழைய டயர்களைப் போடுவதாக இருந்தால் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அங்கே மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அதைப் போட வேண்டாம்.